சேவகனின் துப்பாக்கி

கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றைப் பார்க்கப் போகிறவர்கள் அநேகர். எனக்கென்னவோ, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் 1801 டிசம்பர் 1-ஆம் தேதி வெளியிட்ட பிரகடனத்தின் மேல்தான் கண். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு ஆறு வாரங்கூட ஆகவில்லை. தென்பாளையங்களின் கோட்டைகள் இடிபட வேண்டும். கம்பெனி அனுமதித்தவை தவிர மற்ற ஆயுதங்கள் ஒழிய வேண்டும் என்றது அது.

கலகத்தின் பக்கமே போகாதவன் வீட்டுத் துப்பாக்கியும் இதில் அடக்கம். கொள்ளைக்காரனையும் நல்லவனையும் ஒரே தராசில் நிறுத்துவது சர்க்காருக்குச் சுலபம்! அவனுக்கோ அது வெறும் இரும்பல்ல. அதைத் தூக்கிச் சேவகம் செய்ததற்காகத்தான் பாளையக்காரர் மானிய நிலம் விட்டிருந்தார். இனி நாங்களே காப்போம், உங்கள் சேவகம் வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. தப்பிய பாளையக்காரர்கள் 1803-இல் சன்னது பெற்று ஜமீன்தார்களானார்கள். சேவகன் பெயருக்கு யாரும் சன்னது எழுதவில்லை.