முத்துக் கரையில் கோடை விடுமுறை

ஆண்டுத் தேர்வு முடிந்து கல்லூரி வாயில் அடைபட்டதும் இளைஞர் பலர் உள்ளத்தில் எழும் முதல் வினா, "இந்த இரண்டு மாதத்தையும் எப்படிக் கழிப்பது?" என்பதாகும். 'கழிப்பது' என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கணக்கில் ஓர் எண்ணைக் குறைப்பதும் கழித்தல். வேண்டாதது என்று ஒதுக்குவதும் கழித்தல். ஓய்வுக் காலத்துக்கு இச்சொல் பொருந்துமா என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் முன்னோர் நீண்ட கோடை விடுமுறையை அறிந்தவரல்லர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாட்களிலும், அவற்றை அடுத்த பிரதமையிலும், அட்டமியிலும் பாடம் நடவாது. அந்நாட்களுக்கு 'வாவு' என்றே பெயர் வழங்கியது. விடுமுறை வானத்து நிலவை ஒட்டி வந்தது. ஒரு நாள், இரு நாளில் முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றி, ஆங்கில முறைக் கல்லூரிகள் பெருகிய பிறகே, வெயிலை ஒட்டிய நீண்ட விடுமுறை நமக்குப் பழக்கமாயிற்று. தூத்துக்குடியில் 1948இல் புனித மரியன்னை கல்லூரியும், 1951இல் வ.உ.சிதம்பரம் கல்லூரியும், 1966இல் காமராஜ் கல்லூரியும் தோன்றின. அவற்றோடு இந்த வழக்கமும் இவ்வூருக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் இந்தக் கரையில் அதே மாதங்கள் பன்னூறு ஆண்டுகளாக ஓய்வுக் காலமாக இருந்ததில்லை. அவையே பெருந்தொழிற் காலம்! வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக் காற்று வலுப்பதற்கு முன்னுள்ள இடைவேளையில் மன்னார் வளைகுடா அமைதியடையும், நீர் தெளியும். அப்போதுதான் முத்துக் குளிப்பு நடைபெறும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுப்பகுதி வரை முத்துக் குளிப்பு நடைபெறும் என்று எழுதியிருக்கிறார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாவை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் போயின என்பதும் அவர் தரும் செய்தி. மாணவர்கள் இன்று புத்தகத்தை மூடி வைக்கும் நாட்களில்தான் இக்கரையின் இளைஞர்கள் அன்று கடலுக்குள் இறங்கினார்கள்.

அவர்கள் இறங்கிய முறையைச் சொல்ல வேண்டும். சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். கரையிலிருந்து பல மைல் தொலைவில், 8, 10 பாகம் ஆழத்தில் பார்கள் கிடக்கும். விடியலுக்கு முன்பே தோணிகள் புறப்படும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மேல் காலை வைத்து நேரே அடியை அடைவார். கல்லை மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சை அடக்கிச் சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைத்தால், தோணியில் உள்ளவர் பையை மேலே தூக்குவார். அப்படிக் குளிப்பவருடைய உயிர், மேலே கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. கரையிலோ குடிசைகளும் கடைகளும் கொண்ட ஒரு புதிய ஊரே சில வாரங்களுக்கு எழும்பி, பின்பு மறையும்.

இத்தொழில் 1955 முதல் 1961 வரை இங்கே தொடர்ந்து நடைபெற்றது. 1961இல் நடந்ததே கடைசி. அதன்பின் பார்களில் போதிய சிப்பி விளையவில்லை. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் தூத்துக்குடிக்கு அருகே செயற்கை முறையில் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது விஞ்ஞானத்தின் வெற்றி; ஐயமில்லை. ஆயினும் கல்லின்மேல் கால் வைத்து இறங்கிய தொழில் மீண்டு வரவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1961இல் இருபது வயதில் கடலில் குளித்த இளைஞர் இன்று எண்பதைக் கடந்த முதியவர். நிலமே தெரியாத கடல் நடுவில் பார் இருக்குமிடத்தை எவ்வாறு அறிந்தார்கள்? நீரின் நிறம் எதை உணர்த்தியது? வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுகளை எந்த அடையாளத்தால் முன்கூட்டி உணர்ந்தார்கள்? கயிறு பிடிக்க யாரைத் தேர்ந்தார்கள்? அரசாங்க அறிக்கைகளில் சிப்பியின் எண்ணிக்கையும் ஏலத் தொகையும் உண்டு. குளித்தவரின் அறிவு பெரும்பாலும் அவர் நினைவில்தான் இருக்கிறது. அந்த ஏடு எழுதப்படாத ஏடு. அது இன்னும் எத்தனை கோடைகள் நிலைக்கும்?

ஏடு என்றதும் இத்தாமிரபரணிக் கரையில் நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. கும்பகோணம் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே.சாமிநாதையர், கல்லூரிக்கு விடுமுறை வாய்த்தபோதெல்லாம் ஊர் ஊராகச் சென்று பழஞ்சுவடிகளைத் தேடினார். அவ்வாறு ஆழ்வார்திருநகரிக்கு வந்து கவிராயர்களின் வீடுகளில் தேடியபோது, பத்துப்பாட்டின் பழைய சுவடி அவருக்குக் கிடைத்தது. 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது. அதில் உள்ள மதுரைக்காஞ்சி, இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த கொற்கையையும் அதன் முத்தையும் பாராட்டுகிறது. கரையானுக்கு இரையாகும் முன் அந்த ஓலைகளை மீட்டது எது? புலமை ஒரு பாதி. ஓய்வு நாளைப் பயன்படுத்திய நடை மற்றொரு பாதி என்பேன்.

கொற்கையின் கதையும் அத்தகையதே. யவன நூல்கள் முத்துத் துறையாகப் போற்றிய அப்பட்டினத்தை ஆற்று வண்டல் கடலிலிருந்து பிரித்துவிட்டது. இன்று கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இடையன்குடியில் சமயப் பணி ஆற்றிய கால்டுவெல், அப்பணிக்கிடையே கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்து, 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தெடுத்த பொருளொன்று, கரிமக் கணிப்பில் கி.மு. 785ஐச் சார்ந்தது எனத் தெரிந்தது. அண்மையில் சிவகளையில் நேர்ந்ததைக் கேளுங்கள். அங்கே மேற்பரப்பில் சிதறிக் கிடந்த பழம்பொருள்களைக் கவனித்து அரசுக்கு அறிவித்தவர் அப்பகுதிப் பள்ளியாசிரியர் ஒருவர். 2020இல் அகழாய்வு தொடங்கியது. அங்கே தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பலர் மிதித்துச் சென்ற ஓட்டை ஒருவர் குனிந்து எடுத்தார், வேறுபாடு அவ்வளவே.

"எங்களுக்கு விடுமுறையே ஏது?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உப்புக்குக் கோடையே அறுவடைக் காலம். பெற்றோருக்குத் துணையாக உப்பளத்துப் பாத்தியில் உப்பு வாரும் மாணவரும், மீன் ஏலக் களத்தில் கணக்கெழுதும் மாணவரும் இம்மாவட்டத்தில் உண்டு. அவர்களைப் பார்த்து, ஓய்வை வீணாக்காதீர் என்று உபதேசிப்பது பொருத்தமன்று. ஆனால் அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நான் இதுகாறும் சொன்ன வரலாற்றுக்கு மிக அருகில் இருப்பவர்கள் நீங்கள்தாம். வெளியூர் ஆராய்ச்சியாளர் பலமுறை வந்தும் பெற முடியாத செய்தியை, உங்கள் பாட்டனார் இரவுச் சோற்றின்போது தாமாகவே சொல்வார். அவர் பேசும் சொல்லுக்கு உங்களுக்கு அகராதி வேண்டியதில்லை.

ஓய்வுள்ள மாணவர்களோ இருவர், மூவராகச் சேர்ந்து செல்லலாம். கடற்கரையில் மாலை வேளைகளில் கூடிப் பேசும் மாணவர் குழுக்களை நான் பலமுறை கண்டு மகிழ்ந்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் வாரம் ஒருநாள் ஒரு முதியவரையும் அமர்த்திக்கொண்டால் போதும். விளையாட்டையும் திரைப்படத்தையும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இளமைக்கு அவையும் வேண்டும். ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். உங்கள் கையிலுள்ள தொலைபேசியே குரலைப் பதிவு செய்துவிடும். சாமிநாதையருக்கு வாய்க்காத வசதி அது. முதியவரின் இசைவைப் பெற்ற பின்பே பதிவு செய்யுங்கள். அவர் சொல்லை உங்கள் சொல்லாக மாற்றாது, சொன்னபடியே எழுதுங்கள். நாள், இடம், அவர் செய்த தொழில் ஆகியவற்றைக் குறியுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள். படி ஒன்றைக் கல்லூரி நூலகத்தில் சேருங்கள்.

கடல் ஏப்ரலில் தெளிவதும், பின்னர்க் காற்று எழுந்ததும் கலங்குவதும் இயற்கை. குளிப்பவர்கள் அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால், மறு ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் தேடிச் செல்லும் முதியவர்களோ மறு ஆண்டு வரை இருப்பார்கள் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆகவே, வருகிற கோடையிலேயே புறப்படுங்கள்.