புகையில்லாக் கோச்சி பிறந்த கதை

கல்முனையில் தண்டவாளம் இல்லை. கோச்சி பார்க்க வேண்டுமென்றால் சுமார் 40 கிலோமீட்டர் போய் மட்டக்களப்பு ஸ்டேசனில்தான் நிற்க வேண்டும். ஆனாலும் கோச்சி விடுகதை இந்தக் கரையிலும் செல்லும்: "கரண்டுல ஓடுற கோச்சி வடக்கே போகுது, காத்து கிழக்கால இருந்து அடிக்குது, புகை எந்தப் பக்கம் போகும்?" சாதாரணப் பிள்ளை தெற்கு என்னும். கெட்டிக்காரப் பிள்ளை யோசித்துத் தென்மேற்கு என்னும். கரண்டுக் கோச்சிக்கு ஏது புகை?

இது நம் நாட்டுச் சரக்கல்ல. இலங்கையில் 1864இல் நீராவி ரயில் வந்தது, பிறகு டீசல் வந்தது, மின்சார ரயில் இன்றுவரை வரவில்லை. பெர்லினில் 1879இல் சீமென்ஸ் மின்சார ரயிலை ஓட்டிக் காட்டினார். சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே அது 1931இல் ஓடத் தொடங்கியது. ரயில் என்றாலே புகை என்று ஊர் பழகியிருந்த காலத்துக் கேள்வி இது.

ஆனால் இப்படி ஏமாற்றும் பொறி ரயிலைவிடப் பழையது. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆல்குயின் என்ற ஆங்கிலேய அறிஞர் பெயரில் இளைஞர் புத்தியைத் தீட்டும் கணக்குத் தொகுப்பொன்று இருக்கிறது. அதில் ஒரு கேள்வி: பகல் முழுக்க உழுத மாடு கடைசிச் சாலில் எத்தனை காலடி பதித்திருக்கும்? ஒன்றுமில்லை. மாடு முன்னே போகிறது, பின்னால் வரும் கலப்பை அத்தனை தடத்தையும் புரட்டி மூடிவிடுகிறது. சம்மாந்துறை வட்டையில் மாடு பூட்டி உழுதவர் இதற்கு ஏமாற மாட்டார். தாளில் பெருக்கத் தொடங்குபவர்தான் ஏமாறுவார். அதே தொகுப்பில் நாய் முயலைத் துரத்தும் கணக்கும் உண்டு: இடைவெளி 150 அடி, நாய் 9 அடி பாயும்போது முயல் 7 அடி பாயும். அது நேர்மையான கணக்கு, 75 பாய்ச்சலில் பிடித்துவிடும். 1830இல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறந்தபின் இத்தகைய வேகக் கணக்குகளில் ரயிலும் ஏறிக்கொண்டது. ரயில் விடுகதைக்கு உடம்பு நாய்–முயல் கணக்கு. உயிர் அந்த மாட்டுக் கேள்வி.

இன்னொன்று: கொழும்பிலிருந்து ஒரு கோச்சி, மட்டக்களப்பிலிருந்து வேகமான இன்னொன்று. சந்திக்கும்போது கொழும்புக்குக் கிட்ட நிற்பது எது? இரண்டும் ஒரே இடத்தில்தானே நிற்கின்றன! வேகத்தைச் சொன்னதும் மனசு வகுக்கப் போய்விடுகிறது.

எரிக்சன், மேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1981இல் இந்த ஏமாற்றத்தை ஆராய்ந்தார்கள். மூஸா நபி கப்பலில் ஒவ்வொரு இனத்திலும் எத்தனை விலங்கு ஏற்றினார் என்று கேட்டார்கள். கப்பல் கட்டியவர் நூஹ் நபி என்று நன்கு அறிந்தவர்களே "இரண்டு" என்றார்கள். சம்பந்தமே இல்லாத பெயரைப் போட்டால் உடனே பிடிபட்டுவிடும். கிட்டத்தட்டப் பொருந்துகிற பெயர்தான் தப்பிப் போகிறது. கரண்டுக் கோச்சியும் புகையும் அப்படித்தான். அதோடு, கேள்வி கேட்பவர் தேவையானதைத்தான் சொல்வார் என்று நாம் நம்புகிறோம். பேச்சே அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. ஆகவே ஏமாறுகிற பிள்ளை முட்டாள் இல்லை, கவனமாகக் காது கொடுத்த பிள்ளை.

தரம் 5 புலமைப்பரிசில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வினாத்தாளில் வரும் எல்லா எண்ணையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்காதீர்கள். வாரம் ஒரு கணக்கிலாவது வேண்டாத எண் ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். அதைக் கண்டுபிடித்து வெட்டிய பிள்ளைக்குப் புள்ளி போடுங்கள்.