சம்பங்கி ஏரியும் தோட்டத் தமிழரும்

பெங்களூர்த் தமிழர் வரலாற்றை 1809இல் அமைந்த கண்டோன்மென்ட்டிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். அதற்கும் முற்பட்டது மண்வெட்டியின் வரலாறு. கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழ் பேசும் திகளர், ஏரிக்கரைகளில் கீரையும் காய்கறியும் மலரும் விளைவித்தனர். 1760இல் ஐதர் அலி தொடக்கிய லால்பாக் தோட்டத்தோடும் அவர்களை இணைத்துப் பேசுவது மரபு. விடியலில் பறித்த கீரை, வேரின் ஈரம் உலருமுன் பேட்டைச் சந்தையை அடைந்து, அன்றே அடுப்பேறிற்று.

அத்தோட்டங்களின் உயிர் ஏரிநீர். 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்ததும் நகரத்தார்க்கு ஏரி வேண்டாததாயிற்று. தோட்டக்காரர்க்கோ அதுவே வாழ்வு. இருபதாம் நூற்றாண்டில் சம்பங்கி ஏரி மறைந்து, அதன் படுகையில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. எஞ்சியது ஒரு சிறு குளமே.

ஆயினும் ஆண்டுதோறும் சைத்ர மாதப் பௌர்ணமியையொட்டி, தர்மராயர் கோயில் கரகத் திருவிழாவின்போது, திரௌபதியை வழிபடும் திகளர் அக்குளத்தை நாடி வருகின்றனர். நிலம் கைவிட்டுப் போயினும் நீரை அவர்கள் மறந்தாரல்லர்.

இந்நகரில் தமக்கு வேர் உண்டோ என ஐயுறும் நம் பிள்ளைகளுக்கு, இவ்வூருக்குக் கறியமுது ஊட்டிய கைகளுள் தமிழ்க் கைகளும் உண்டென்று சொல்லுவோம். மாடித் தொட்டியில் ஒரு பிடி கீரை பறித்தவாறே சொல்லுவோமாயின், அது அவர்தம் நெஞ்சில் பதியும்.