வென்ஸ்லி, ஆல்பர்ட் (1898–1970)

பெர்ட் என்று அழைக்கப்பட்ட ஆல்பர்ட் பிரெடரிக் வென்ஸ்லி, இங்கிலாந்தின் சசெக்ஸ் கவுண்டி கிரிக்கெட் அணியின் ஆல்ரவுண்டர். பின்னாளில் ஜாம்நகரில் பயிற்சியாளர். பிறந்தது பிரைட்டனில். 1922 முதல் 1936 வரை சசெக்ஸுக்கு ஆடினார். முதல்தர ஆட்டங்களில் 10,000 ரன்னும் 1,100 விக்கெட்டும் கடந்தும் டெஸ்ட் வாய்ப்பு வரவில்லை. அதே அணியில் அதே மிதவேகப் பந்தை மாரிஸ் டேட் வீசிக்கொண்டிருந்தபோது வேறு ஆளைத் தேட தேர்வாளர்களுக்கு என்ன அவசியம்?

சம்பளத்துக்கு ஆடிய கவுண்டி வீரர்களுக்குக் கோடையில்தான் வருமானம். குளிர்காலத்தில் கப்பலேறியவர்கள் பலர். வென்ஸ்லி நியூசிலாந்து போய் ஆக்லாந்து அணிக்கு ஆடினார். ஒட்டாகோவுக்கு எதிரான ஓர் இன்னிங்ஸில் 36 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார்.

1936இல் அவர் ஆடிய ஒரு விசித்திர ஆட்டத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. கென்ட் கிராமம் ஒன்றில் 1834இல் இரண்டே பேர் பதினொரு பேரை வென்றதாக ஒரு பழங்கதை உண்டு. அதை மறுபடி நடத்திப் பார்க்க வென்ஸ்லியும் கென்ட் வீரர் பில் ஆஷ்டவுனும் களமிறங்கினார்கள். ஆஷ்டவுன் 83, வென்ஸ்லி 96, உதிரிகளோடு மொத்தம் 186. எதிரணி 153. இருவரும் பிறகு பயிற்சியாளர்கள் ஆனார்கள். ஆஷ்டவுன் கவுண்டி வீரர்களின் வழக்கமான பாதையில் ரக்பி பள்ளிக்குப் போனார், வென்ஸ்லி இந்தியாவுக்கு.

நவாநகர் சமஸ்தானத்துக்கும் சசெக்ஸுக்கும் பழைய உறவு. அதன் ஆட்சியாளரான ஜாம்சாகேப் ரஞ்சித்சிங்ஜி சசெக்ஸ் கேப்டனாக இருந்தவர். அவருடைய சகோதரர் மகன் துலீப்சிங்ஜியும் அதே அணியில் வென்ஸ்லியோடு ஆடியவர். அந்த வழியில் நவாநகரின் தலைநகரான ஜாம்நகர் வந்த வென்ஸ்லி, 1936–37இல் நவாநகர் அணிக்குக் கேப்டனும் ஆனார். ரஞ்சி கோப்பையில் நுழைந்த முதல் ஆண்டிலேயே பட்டம்: இறுதி ஆட்டத்தில் வங்காளம் 256 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அந்த ஆட்டத்தில் 185 அடித்தவர் பத்தொன்பது வயது உள்ளூர்ப் பையன் வினு மன்கட்.

மன்கட்டை மரபான இடக்கைச் சுழலில் நிலைநிறுத்தியதுதான் வென்ஸ்லி செய்த பெரிய வேலை. விரலால் திருப்பி, பந்தைத் தூக்கிப் போட்டு, ஆட்டக்காரரைக் கிரீஸைவிட்டு வெளியே இழுக்கும் பந்துவீச்சு அது. மறு ஆண்டே டென்னிசன் பிரபுவின் அணிக்கு எதிரான தொடரில் மட்டைச் சராசரி, பந்துவீச்சுச் சராசரி இரண்டிலும் மன்கட் முதலிடம் பிடித்தார். பயிற்சியாளரின் பெயர் ஸ்கோர் அட்டையில் வராது. ஆனால் 1952 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் நடந்ததைப் பார்த்தால் வென்ஸ்லியின் கை தெரியும். முதல் இன்னிங்ஸில் மன்கட் 38.5 ஓவர் வீசி, 55 ரன்னுக்கு 8 விக்கெட் சாய்த்தார். கிரேவ்னி, கார் உட்பட இங்கிலாந்து ஆட்டக்காரர் நால்வர் இறங்கி ஆடப் போய், விக்கெட் கீப்பர் சென்னிடம் ஸ்டம்பிங் ஆனார்கள். இரண்டாம் இன்னிங்ஸில் மேலும் 4. ஒரு இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது.

சென்னைக்கும் ஜாம்நகர்ச் சுழல்காரர்களுக்கும் ஏதோ ராசி. 1956இல் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் மன்கட் 231 அடித்து, பங்கஜ் ராயோடு முதல் விக்கெட்டுக்கு 413 சேர்த்தார். அந்தச் சாதனை 2008 வரை நின்றது. 1962 ஜனவரியில் அதே மைதானத்தில் இங்கிலாந்தின் 10 விக்கெட்டுகளை எடுத்து, அந்நாட்டுக்கு எதிரான இந்தியாவின் முதல் தொடர் வெற்றியை உறுதிசெய்தவர் சலீம் துரானி. அவரும் இடக்கைச் சுழல்காரர், வளர்ந்தது ஜாம்நகரில்.