மைதானத்துக்கு வெளியே ஒரு மண் குவளை

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். புத்தகம் என்றாலே ஓடுவான். கிரிக்கெட் என்றால் மட்டும் யார் எத்தனை விக்கெட் என்று வரிசையாக ஒப்பிப்பான். சரி, அவன் வழியிலேயே போவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மும்பை மரீன் டிரைவில் இருக்கும் இந்து ஜிம்கானாவைக் காட்டி ஒரு கதை சொன்னேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டுமே என்று இங்கே எழுதுகிறேன்.

கதாநாயகன் பெயர் பாலு. நம்மூர் பாலு இல்லை, பல்வங்கர் பாலு. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட, தோல் வேலை செய்யும் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டும் வேலை. மாதம் 3 ரூபாய். (வங்கிக்காரன் புத்தி, முதலில் கண்ணில் பட்டது சம்பளம்தான்!) பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். அங்கே துரைகள் பேட்டிங் பயிற்சி செய்ய இவர் மணிக்கணக்கில் பந்து போட்டார். இடது கை சுழற்பந்து. பேட்டை மட்டும் இவர் கையில் யாரும் கொடுக்கவில்லை.

வெள்ளையரைத் தோற்கடிக்க ஆள் தேடிய புனே இந்துக்கள் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் எல்லோரும் தொட்ட பந்தையே இவரும் தொட்டார். தேநீர் இடைவேளையில்? மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை. இவருக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளை. சாப்பாட்டுக்கும் தனித் தட்டு, தனி இடம்.

நம்மூர் டீக்கடை இரட்டைக் குவளை ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

"சேர்ந்து ஆட முடிகிறது, சேர்ந்து சாப்பிட முடியாதா?" என்ற ரீதியில் ரானடே போன்ற சீர்திருத்தவாதிகள் கேட்டார்கள். பிறகு பம்பாய்க்கு வந்த பாலு, 1906-ல் ஐரோப்பியர்களை 109 ரன்னில் வென்ற இந்து அணியின் முக்கியப் பந்துவீச்சாளர். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணி பெரும்பாலும் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தபோது நடந்த பாராட்டு விழாவில் பங்கெடுத்தவர் இளைஞர் அம்பேத்கர். (1937 தேர்தலில் அதே அம்பேத்கரை எதிர்த்து நின்று பாலு தோற்றது தனிக்கதை.)

இத்தனைக்கும் இந்து அணியின் கேப்டன் பதவி மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1920-ல் அவருடைய தம்பிகள் சிவராமும் விட்டலும் இந்த அநியாயத்தை எதிர்த்து அணியிலிருந்து விலகினார்கள். 1923-ல் விட்டல் கேப்டனானார். அணி கோப்பையையும் வென்றது. அண்ணனுக்கு மறுத்ததைத் தம்பிக்குக் கொடுத்தார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு என் பையன் கேட்டது ஒரே கேள்வி: "அப்பா, அவர் டீயை உள்ளே வந்து குடிங்கன்னு கூட ஆடினவங்க ஒருத்தர்கூட சொல்லலையா?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், "பாலு பத்தி புக் இருக்கா?" என்று அவனாகவே கேட்டான். ராமச்சந்திர குஹா எழுதியது இருக்கிறது. வாங்கப் போகிறேன். நீங்களும் ஒருமுறை உங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.