ஒற்றைக்கண் அரக்கனும் அசன்பேயும்

அட்டாளைச்சேனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பேரன் ஒரு தடித்த ஆங்கில நாவலோடு கிடந்தான். ரிக் ரியோர்டன் 2005இல் தொடங்கிய பெர்சி ஜாக்சன் வரிசை. கிரேக்கக் கடல் தெய்வத்தின் மகன் நியூயோர்க்கில் வளரும் கதை. “இதெல்லாம் ஷிர்க்கான கதை வாப்பா” என்று என் மகள் புத்தகத்தை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள்.

அவளுடைய பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அப்பாஸியர் காலத்துப் பக்தாத் அரிஸ்டோட்டிலையும் கலெனையும் அரபுக்குக் கொண்டுவந்தது. ஹோமரின் இலியட் முழுதாக அரபுச் செய்யுளானதோ 1904இல்தான், சுலைமான் அல்-புஸ்தானியின் கையால். வாசலை அடைத்தாலும் கதை யன்னலால் நுழைந்துவிடும். சிந்துபாத் தன் மூன்றாம் பயணத்தில், ஆட்களைச் சுட்டுத் தின்னும் அரக்கனைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குருடாக்கித் தப்புகிறான். ஒற்றைக்கண் அரக்கனிடம் ஒடிஸியஸ் செய்ததும் ஏறத்தாழ இதுதானே!

நமது சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வந்தது. கெய்ரோவில் களவுபோன உயர்குடிக் குழந்தை, தான் யாரென்று அறியாமல் பம்பாயில் வளர்கிறது. பெர்சியும் தகப்பனை அறியாமல் வளர்ந்தவன்தான்.

அலுமாரிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன், அசன்பேயையும் வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தக்காலத் தமிழ் அவனுக்கு முரடாக இருக்கிறதாம். இரண்டு பக்கம் போயிருக்கிறான்.