கூப்பன் அரிசியும் அமெரிக்கன் மாவும்

எங்கள் வயல் இரணைமடுக் குளத்தின் கீழ். அறுபதுகளின் தொடக்கத்தில், சூடு மிதித்து முடிந்ததும் அப்பா வண்டிலில் நெல்லேற்றிச் சங்கத்துக்குக் கொண்டுபோவார். உத்தரவாத விலை புசலுக்கு 12 ரூபா. அதே சங்கக்கடையில் அம்மா கூப்பன் புத்தகத்தை நீட்டி, கொத்து 25 சதத்துக்கு அரிசி வாங்குவா. ஒரு புசல் நெல் குத்தினால் பதினைந்து கொத்து அரிசி தேறும். எங்கள் அரிசிக்குக் கொத்துக்கு எண்பது சதம் கொடுத்த அரசு, கப்பலில் வந்த அரிசியைக் கால் ரூபாவுக்கு எங்களுக்கே விற்றது. கணக்குத் தெரிந்த எந்தக் கமக்காரன் தன் நெல்லைத் தானே தின்பான்? விதைநெல்லையும், ஆச்சிக்கென்று கொஞ்ச மொட்டைக்கறுப்பனையும் மட்டும் அப்பா வைத்துக்கொள்வார்.

இலங்கையில் நெல் காணாது என்றால் உடனே கமக்காரனின் சோம்பலைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிப்பதில்லை.

கப்பல் அரிசி இந்த நாட்டுக்குப் பழகியது கோப்பித் தோட்டங்களோடு. மலையில் வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டம் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அந்த அரிசி முதலில் இந்தியாவிலிருந்தும் பின்னர் பர்மாவிலிருந்தும் வந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் ஏற்பாடு மாறவில்லை: தேயிலையும் றப்பரும் போகும், அரிசி வரும். உள்ளூரில் நெல் விளைவித்தவனிடமோ தானிய வரி. 1893இல்தான் அதை எடுத்தார்கள். அதற்குள் வரி கட்ட முடியாமல் வலப்பனைப் பக்கம் காணி இழந்தவர்கள் ஏராளம்.

1942இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. தின்னும் அரிசியில் பாதிக்கு மேல் கடல் கடந்து வந்த நாடு இது. கூப்பன் அப்போது வந்ததுதான். யுத்தம் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. 1952இல் சீனாவோடு ஒப்பந்தம் செய்து, ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி வாங்கினார்கள். அடுத்த ஆண்டு கொத்து விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதும் ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால்; ஒக்டோபரில் டட்லி சேனாநாயக்க பிரதமர் பதவியையே விட்டுப் போனார். அதன்பிறகு கூப்பனில் கைவைக்க எல்லோருக்கும் நடுக்கம். சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்று சிறிமாவோவின் ஆட்கள் 1970 தேர்தலில் பேசினார்கள் என்று சனம் இன்றும் பகிடி பண்ணும்.

இப்போது மழையும் உரமும் ஒத்துழைத்தால் நெல் ஏறத்தாழப் போதும். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து அதையும் கெடுத்துக்கொண்டோம், அது வேறு கதை. ஆனால் தன்னிறைவு என்று மார்தட்டுகிறவர்கள் பாணைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோதுமை இந்தச் சூட்டில் விளையாது. தின்பது முழுவதும் கப்பலில் வருகிறது. உதவியாக வந்த மாவை நாங்கள் அமெரிக்கன் மா என்றுதான் சொல்வோம். 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை ஓடத் தொடங்கியதும் மா எந்த நேரமும் கிடைத்தது. யாழ்ப்பாணத்துப் புட்டிலும் அது புகுந்தது. மலையகத்திலோ அரிசியின் இடத்தையே ரொட்டி பிடித்துக்கொண்டது. 2022இல் டொலர் இல்லாமல் மா விலை ஏறியபோது முதல் அடி விழுந்ததும் லயத்து அடுப்பில்தான்.